பேகடாவுக்கு ஒரு மப்ளர்

என் பச்சோந்திக்குச் சபாவில் மாலைக் கச்சேரி கிடைத்தது. நான் வருஷா வருஷம் கேட்கிறேன், எனக்கு மத்தியானக் கச்சேரிகூடக் கொடுத்ததில்லை. சரி, வீட்டில் யாருக்குக் கிடைத்தால் என்ன என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன்.

பச்சோந்திக்கு ஒரு ராகத்தின் பெயர், பேகடா. நான் பாட்டு டீச்சர். வகுப்பு நடக்கும் கூடத்தில்தான் அதன் கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. ஒரு நாள் பிள்ளைகள் சரளி வரிசை பாடும்போது பேகடா தலையை மேலே தூக்கியது. வாயைத் திறந்தது. திறந்த வாயை மூடவில்லை. தொண்டை உப்பியது. உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. ஆதி தாளத்துக்குக் கச்சிதமாக விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. என் மாணவிகளில் ஒருத்திக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது.

பாடுகிற தொண்டை என்றால் பார்த்துக்கொள்ள வேண்டாமா? வறண்டுவிடக் கூடாதே என்று கூண்டுக்குள் நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். மார்கழிப் பனி ஆகாது என்று என் கம்பளி மப்ளரைக் கூண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பாடும்போது முகத்தில் விளக்கு அடித்தால் எனக்கே எரிச்சலாக வரும். அதனால் அது குளிர்காய வைத்திருந்த பல்பை அணைத்துவிட்டேன். பனங்கற்கண்டுப் பால் வைத்தேன். தொடவில்லை. வெட்டுக்கிளி வைத்தேன். அதையும் தொடவில்லை. கச்சேரி இருந்தால் நானும்தான் சாப்பிட மாட்டேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் மூக்கில் ஒரு குமிழி வந்தது. கடுகு அளவுதான். முந்தானையால் துடைத்தேன். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தேன். பட்டப்பகலில் கண்ணை மூடிக் கிடந்தது. உடம்பில் இருந்த பச்சையெல்லாம் போய்ச் சாணி நிறமாகிவிட்டது. இது பாட்டில்லை, நோய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த அன்றைக்குத்தான் சபாச் செயலாளர் நரஹரி, பிள்ளைகள் சொல்லிக் கேள்விப்பட்டு, போன் செய்தார்.

"டீச்சர், பேகடாவை மேடையில ஏத்தறோம். நீங்க பக்கத்துல உட்கார்ந்து தாளம் போடலாம்."

மேடை என்ற சொல் காதில் விழுந்ததும் "சரிங்க சார்" என்றுவிட்டேன். பாவி வாய், என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. இல்லை, கேட்டுக்கொண்டுதான் சொன்னது.

பக்கத்து வீட்டுச் சேஷகிரி அண்ணா வாசலில் காத்திருந்தார். மிருதங்கக்காரர். ஐப்பசியில் பிரஷர் குக்கராக மாறிவிட்டார். அதனால் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை, விசில் அளந்து வைத்த மாதிரி வரும். ஒரு கையில் அவரையும் மறுகையில் கூண்டையும் தூக்கிக்கொண்டேன்.

"அதுக்கு மூச்சு வாங்குதும்மா" என்றார்.

"பாடுதுண்ணா."

"உள்ள அடைச்சுக்கிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? மப்ளரை அவுத்து விடு."

"கச்சேரி முடியட்டும்."

அதற்குப் பிறகு அவர் விசில் விடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சபாவில் கேண்டீன் வழியாகத்தான் மேடைக்குப் போக வேண்டும். இந்த வருஷம் கேண்டீன் ரொம்ப நீண்டிருந்தது. இலை போட்ட மேசைகள் முடியவே இல்லை. ரவா தோசைக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து நின்று பேகடாவைக் கும்பிட்டார்கள். நடக்க நடக்க மப்ளர் நீளமாகிப் பின்னால் தரையில் இழுபட்டு வந்தது. யாரும் அதை மிதிக்காமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. என்னத்தைச் சொல்ல!

கேண்டீன் முடிந்த இடத்தில் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று மேடைக்கு. இன்னொன்று கால்நடை மருத்துவமனைக்கு. மருத்துவமனைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே டாக்டர் அமலோற்பவம் சும்மா உட்கார்ந்திருந்தார். காத்திருப்பவர் ஒருவரும் இல்லை. கூட்டமாக இருந்திருந்தால் எனக்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

"உள்ள வாங்கம்மா" என்றார் டாக்டர்.

"கச்சேரி இருக்கு டாக்டர்."

"சரி, அப்ப நான் அங்க வர்றேன்."

தன் நாற்காலியையும் பையையும் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். முதல் வரிசைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

திரை விலகியது. பேகடா தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. நரஹரி மைக்கைக் கூண்டுக்குள் நுழைத்தார். டிக், டிக். சபை முழுக்க "ஆஹா" என்றது. நான் தொடையில் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் டிக் தள்ளாடத் தொடங்கியது. தட்டுக்கு முன்னால் விழுந்தது, பின்னால் விழுந்தது. ஆதி தாளத்தை விட்டு ரூபகத்துக்கு மாறினேன். அதற்கும் நிற்கவில்லை. மிஸ்ர சாபுவுக்கு மாறினேன். அதன் மூச்சு எங்கே திணறியதோ அங்கேயெல்லாம் ஒரு தாளம் போட்டு மூடினேன். இத்தனை வருஷம் படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது.

டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"தலை ஏன் மேல பாக்குது?"

"மேல் ஸ்தாயியில பாடுது டாக்டர்."

"வாய் ஏன் திறந்தே இருக்கு?"

"ஆன்னு அகாரம் போடுது."

"மூக்குல என்னம்மா?"

குமிழி இப்போது மிளகு அளவுக்கு வளர்ந்திருந்தது. மேடை வெளிச்சத்தில் மின்னியது. அதற்குச் சங்கீதத்தில் பேர் கிடையாது. என் தட்டு நின்றுவிட்டது.

மைக்கை வெளியே இழுத்தேன்.

"இது பாடல" என்றேன். "மூச்சுக்குத் தவிக்குது. நான்தான் ஈரத்துலயும் குளிர்லயும் வெச்சிருந்தேன். தெரியாம வெச்சேன். அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் இங்க தூக்கிட்டு வந்தேன். எனக்கு மேடை வேணும்னு இருந்துச்சு."

பின்வரிசையிலிருந்து ஒருவர் "சபாஷ்!" என்று கத்தினார்.

"என்ன விருத்தம்யா!" என்றார் இன்னொருவர்.

கைதட்டல் கூரையில் மோதித் திரும்பி வந்தது. நரஹரி என் காதருகே குனிந்தார். "டீச்சர், அந்த 'தெரிஞ்சேதான்' இருக்கே, அதை இன்னொரு தடவை. கொஞ்சம் இழுத்து."

எனக்கென்று விழுந்த முதல் கைதட்டல் அது. ஒரு நொடி இனித்தது. அதையும் மறைப்பானேன்? அப்புறம் உடம்பெல்லாம் கூசியது. கூண்டின் மேல் கையை வைத்தேன். ஐயோ, தண்ணீர்ப் பானை மாதிரி சில்லென்று இருந்தது.

மப்ளரை அவிழ்த்தேன். அவிழ்க்க அவிழ்க்க வந்தது. முதல் வரிசையில் இருந்தவர்கள் வாங்கி அடுத்த வரிசைக்குக் கொடுத்தார்கள். அப்படியே கை மாறி மாறிக் கேண்டீன் வரைக்கும் போனது. சேஷகிரி அண்ணா தன் வெயிட்டைத் தானே தூக்கிப் பெருமூச்சு விட்டார்.

டாக்டர் மேடைக்கு ஏறி வந்தார். பேகடாவை வெளியே எடுத்துத் துடைத்தார். அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். ஊசி போட்டார். கண்ணாடிக் கூண்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பின்கட்டிலிருந்து காய்ந்த மாங்கிளை ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் உட்கார்த்தினார். மேடை விளக்கில் ஒன்றைத் திருப்பி அதன் முதுகில் படும்படி வைத்தார்.

"நல்லாக் காயணும். காத்து வரணும். சூடு வேணும். முதல்ல குமிழியைப் பார்த்தப்பவே வந்திருந்தா சுலபம்."

"பிழைக்குமா டாக்டர்?"

"வாய் தானா மூடணும். அதுவரைக்கும் யாரும் தாளம் போடக் கூடாது. போட்டா அது நிறுத்தாது."

சபை அசையாமல் உட்கார்ந்தது. தாளம் தெரிந்தவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ரவா தோசை வந்துவிட்டது என்று கேண்டீன்காரர் எட்டிப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

டிக் என்றது பேகடா. என் வலது கை தொடையை விட்டுத் தானாக எழும்பியது. பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மறுபடி டிக். உள்ளே விரல்கள் துடித்தன.

பேகடா ஒரு கண்ணைத் திறந்தது. அது உருண்டு உருண்டு வந்து என் மேல் நின்றது. அந்தக் கண்ணைப் பார்க்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

அதன் வாய் அரிசி அளவு மூடியது. மறுபடி திறந்தது.

கை மரத்துப்போய்விட்டது. நான் எடுக்கவில்லை.