முப்பத்திரண்டு எழுத்து

“ஒரு பேரு எங்க முடியுதுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும், சொல்லு பாப்போம்?” என்று என் அண்ணன் தானியேலு ஒரு முறை என்னிடம் கேட்டான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. யார் எதைக் கேட்டாலும் எனக்குப் பேச்சு எளிதில் வராது. அவனே சொன்னான். பெயரின் கடைசி எழுத்துக்கு அடுத்து ஒரு பூஜ்யம் இருக்கும், அதைக் கண்டால் நின்றுவிடும். இரண்டு பெயர்களை ஒட்ட வேண்டுமானால் முதல் பெயரின் பூஜ்யம் வரை போய், அதன் மேலேயே அடுத்த பெயரை எழுதத் தொடங்கும். எழுதி முடித்ததும் புதிதாக ஒரு பூஜ்யம் வைக்கும்.

“எழுத இடம் இருக்கான்னு பாக்காதா?” என்றேன்.

“சி மொழியில பாக்காது. எழுதறவன்தான் பாத்துக்கணும். நம்ம மேல அவ்வளவு நம்பிக்கை அதுக்கு” என்று சிரித்தான்.

சவாயீ தீவில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிச் சீட்டு அடிக்கும் ப்ரோகிராமை எழுதியவன் அவன்தான். பெயருக்கு முப்பத்திரண்டு எழுத்து இடம் விட்டிருந்தான். அதை ஒட்டியே, ஆகாத மருந்து எது என்று காட்டும் எச்சரிக்கைக்கு ஓர் எழுத்து. தலைநகர் ஆப்பியாவில் அவன் படித்த புத்தகத்தில் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். அவற்றுக்கு முப்பத்திரண்டு என்பது ஒரு மைதானம். சீட்டு அடிக்கும் வேலையை எனக்கு வாங்கித் தந்தான். யாரிடமும் பேச வேண்டியதில்லை. நர்ஸ் மகெரித்தா மட்டும் என்னை விடமாட்டாள். “ஃபுவா, இன்னிக்கு எத்தன வார்த்த பேசின? மூணா? ஐயோ, தொண்ட வறண்டிருக்குமே, தண்ணி குடி” என்பாள்.

மே மாதம் அப்பாவுக்குக் குடும்பத் தலைவர் பட்டம் வந்தது. எங்கள் ஊரில் பட்டம் வந்தால் அது பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதைச் சொல்லாமல் கூப்பிடுவது அவமரியாதை. திங்கட்கிழமை முதல் வேலையாக அப்பாவின் சீட்டைத் திறந்தேன். பட்டத்தை அடித்து விசையைத் தட்டினேன். லெயோதௌவலோசெங்கா அலபதி ஃபொலசைது. ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் திரையில் நின்றது.

மகெரித்தா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “உங்கப்பன் பேரக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அவருக்கு வியாதியே சரியாயிடும்டி.”

நான் சத்தமாகச் சிரித்தேன். அடுத்த கட்டத்தை இருவருமே பார்க்கவில்லை.

ஆகஸ்டில் அப்பாவின் காலைப் பவளப்பாறை கிழித்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் தேவாலயத்தில் இருந்தபோது, காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தவரைப் பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மகெரித்தா தனியாக இருந்தாள். சீட்டை அடித்தாள், படித்தாள், பெனிசிலின் ஊசி போட்டாள். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் உதடுகள் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கியிருந்தன. மூச்சு இல்லை.

“அவருக்கு அது ஆகாதுன்னு எத்தன வருஷமா எழுதியிருக்கு! கண்ணு அவிஞ்சு போச்சாடி ஒனக்கு?” என்று அம்மா கத்தினாள்.

“சீட்டுல இல்லக்கா. ஆண்டவர் மேல ஆணையா இல்ல.”

அம்மா தரையில் காறித் துப்பினாள். ஊரில் ஒருவரும் மகெரித்தாவை நம்பவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரையில் விரல் வைத்து எண்ணினேன். பட்டம், பெயர், தாத்தா பெயர், நடுவில் இரண்டு இடைவெளி. ஆங்கில எழுத்தில் சரியாக முப்பத்திரண்டு. இறுதிப் பூஜ்யம் போய் விழுந்தது முப்பத்து மூன்றாவது இடத்தில். எச்சரிக்கை எழுத்து இருந்த இடம் அது. பூஜ்யம் விழுந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அண்ணனை அழைத்து வந்து காட்டினேன். அவன் இரண்டு முறை எண்ணினான்.

“நான்தான் அடிச்சேன், அண்ணா.”

“இடம் விடாதவன் நான்.” திரையை அணைத்தான். “அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத.”

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் நான்கு நாளாகியும் அவன் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது மகெரித்தாவின் குடும்பம் எங்கள் முற்றத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் அவள். தலை முதல் முழங்கால் வரை மெல்லிய பாயால் மூடியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்க எங்கள் ஊர் வழக்கம் அது. எங்கள் வீட்டுக் கை அந்தப் பாயை விலக்கினால் மன்னிப்பு. அதோடு குற்றமும் நிரந்தரமாக அவளுடையதாகிவிடும். விலக்காவிட்டால் எழுந்திருக்கமாட்டார்கள். மன்னிப்பு இல்லையென்றால் எறிய, சித்தப்பாவின் மகன்கள் கல்லை எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

“மூத்தவன் நீதான். வெலக்கறியா, இல்லியா? சொல்லித் தொலை” என்றார் சித்தப்பா அண்ணனிடம்.

“கெடக்கட்டும், வெயில் ஏறட்டும்” என்றாள் அம்மா.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். “அம்மா” என்றேன்.

“என்னடி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான். வந்த சொல் பல்லில் நின்றுவிட்டது.

அண்ணன் படி இறங்கி மகெரித்தா அருகே போய் நின்றான். அவள் மூச்சுக்குப் பாய் லேசாக ஏறி இறங்கியது. குனிந்து அதன் ஓரத்தைப் பிடித்தான். பிடித்தபடியே வெகுநேரம் இருந்தான். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு நடந்தான். சித்தப்பா கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. துறைமுகத்துக்குப் போகும் பஸ் நின்று கிளம்பியபோது சாலையில் அவன் இல்லை.

பாய்க்குள் மகெரித்தா மெதுவாக இருமினாள்.