ஒரு முழம் வெள்ளை உல்லன்

திரையில் அசோகன் மஞ்சளாகத் தெரிந்தான். கொருக்குப்பேட்டை பிரவுசிங் சென்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வேம்பு, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். குவைத்துக்கு வெல்டராகப் போன புருஷன். ரெண்டு வருஷமாக, வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும்தான் அவளுக்கு அவன்.

"இன்னாய்யா, மூஞ்சி மஞ்சளா கீது?"

"கேமரா அப்டி. நீ மட்டும் இன்னா, கத்திரிக்கா கலர்லதான் கீற."

இருந்தாலும் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. போன வாரம்தான், அங்கே குளிர் என்று சொன்னானே என அவனுக்காகப் பின்னிய ஸ்வெட்டரைக் கேமராவில் காட்டியிருந்தாள். பாசிப்பச்சை ஸ்வெட்டர். அவனோ, "உன்ன பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு நீலப் பொடவ கட்டிகினு இருந்தியே, அதே நீலம்" என்று உருகிப்போனான். பச்சை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

ஆனால் கண்ணுமா மஞ்சளாகத் தெரியும்? அவனுக்குப் பின்னால் இருந்த சுவரும் மஞ்சள்தான். சுவரே மஞ்சளோ என்னவோ, அவள் என்ன குவைத்துக்குப் போய்ப் பார்த்தாளா?

வேம்பு ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைகளுக்குக் குழந்தைத் தொப்பி பின்னிக் கொடுப்பவள். நூல்கண்டு பாதியில் தீர்ந்துபோனால், பழைய நூலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவாள். கலரைத் தனியாகப் பார்த்தால் ஏமாற்றும், தெரிந்த நூலைப் பக்கத்தில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டவள், எழுந்து ஒரு முழம் வெள்ளை உல்லன் நூலை வெட்டிக் கடிதத்துக்குள் வைத்தாள். இதை உன் கன்னத்துக்கிட்ட வெச்சிக் காட்டு, வேற ஒண்ணும் வேணாம் என்று எழுதினாள்.

எப்போதும் பத்து நாளில் போய்விடுகிற கடிதம். ரெண்டாவது வெள்ளிக்கிழமையும் வரவில்லை என்றான். மூணாவது வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னான். சொல்லிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தபோது முழுக்கைச் சட்டை கொஞ்சம் மேலே ஏறியது. மணிக்கட்டில் என்னவோ சுற்றியிருந்தது.

"கைல இன்னாய்யா?"

அவன் சட்டென்று கையைக் கீழே இறக்கினான்.

"நீ தொட்ட நூலாச்சே. கட்டிகினேன்."

அந்த மணிக்கட்டை அவள் பிடித்து எத்தனை நாளாயிற்று. திரைக் கண்ணாடிக்குள் கை போகாதா என்று இருந்தது.

"கன்னத்துகிட்ட வெய்யி."

"விடு வேம்பு."

"வெய்யின்றேன்ல."

அவன் மெல்லக் கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தான். நூல் வெள்ளையாக இருந்தது. அவள் வெட்டி அனுப்பிய அதே வெள்ளை. இத்தனை நாளும் பொய் சொன்னது இந்தப் பக்கத்துக் கேமராதான், அந்தப் பக்கத்துக் கேமரா யோக்கியமானது. அப்படியென்றால் கன்னத்து மஞ்சள் நிஜம், காமாலை.

"அதுவும் மஞ்சளாத்தான கீது?" என்றான் அசோகன். ஆமாம் என்று அவள் சொல்லிவிடமாட்டாளா என்று கேட்பது போல இருந்தது.

"யோவ். அந்த ஸ்வெட்டரு நீலம் இல்லய்யா, பச்ச" என்றாள் வேம்பு. "வூட்டுக்கு வந்துடு. வந்து போட்டுக்கோ."

அவன் கன்னத்தில் வைத்த கையை எடுக்கவே இல்லை.