தாம்பாளச் சோதனை

பங்காளி சம்பத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? என் கிணறு வற்றிக் கிடக்கும்போது, பக்கத்து நிலத்தில் அவன் கிணற்றில் தண்ணீர் நிற்கும். அது போதாதென்று, கோவர்த்தனன் அண்ணனுடைய சிங்காரிக்கும் அவன் நாயைத்தான் சேர்க்கப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது.

சிங்காரி பெட்டை நாய். பிச்சாட்டூர் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைக்குள் ஒரு காட்டுப்பன்றியைக்கூட விடாத நாய் அது ஒன்றுதான். அதன் குட்டிக்கு ஆறு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். ஆண் நாய்க்காரனுக்கு முதல் குட்டி என்பது வழக்கம். அந்தக் குட்டி எனக்கு வேண்டும். அதைவிட, சம்பத்துக்குக் கிடைக்கக் கூடாது.

கோவர்த்தனன் அண்ணன் லேசில் சேர்த்துவிட மாட்டார். தாய், தகப்பன் இரண்டையும் சோதிப்பார். ஆரணி ஆற்று ஈர மணலில் ஓடவிட்டு, நாலு காலும் ஒரே அழுத்தமாகப் பதிகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஈறு, கண், தோல் எல்லாம் பார்த்த பிறகு, நாயின் முதுகுக்குப் பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டுவார். நாய் திரும்ப வேண்டும்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். என் நாய் வெள்ளையன் பிறவிச் செவிடு. என் கண்ணையும் கையையும் பார்த்தே எல்லாம் செய்துவிடும். அதனால் என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

சோதனையன்று சம்பத், சித்தூர் மாட்டாஸ்பத்திரியில் வாங்கிய சீட்டோடு வந்து நின்றான்.

"நம்ம ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னே இன்னும் முடிவாவல. இவன் நாய்க்கு சர்ட்டிபிகேட் வாங்கிக்கினு வந்துட்டான்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் நாய் எல்லாவற்றிலும் தேறியது. ஆனால் மணலில் வெள்ளையனின் பாய்ச்சல் அதைவிட ஒரு முழம் அதிகம். கடைசியில் தாம்பாளம் ஒலித்தபோது, எதிரே நின்ற நான் சட்டென்று கண்ணால் பின்பக்கம் காட்டினேன். வெள்ளையன் திரும்பியது.

"தாமோதரன் நாயே இருக்கட்டும்" என்றார் அண்ணன். சம்பத்தின் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சிங்காரி ஆறு குட்டி போட்டது. முதல் குட்டியை எடுக்க என்னை வரச் சொன்ன நாளில், தூங்கிக்கொண்டிருந்த குட்டிகளின் பக்கத்தில் அண்ணன் தாம்பாளத்தைத் தட்டினார். மூன்று துள்ளி எழுந்தன. மூன்று அசையவே இல்லை.

அவர் முகம் கறுத்துவிட்டது. "தகப்பன் காத நானே தாம்பாளம் தட்டிப் பாத்தேன். அப்போ இவ வம்சத்துலதான் குத்தம். ஆறு பேருக்கு வாக்கு குடுத்துட்டு எந்த மூஞ்ச வெச்சிக்கினு பேசுவேன்? இவள யாராச்சும் இட்டுக்கினு போங்கப்பா."

"எனக்குக் குடுண்ணே" என்றான், குட்டிகளைப் பார்க்க வந்திருந்த சம்பத். "குட்டி போடாட்டி போவுது. கொல்லையக் காக்கட்டும்."

கயிறு அவன் கைக்குப் போனது. சிங்காரி வாலை ஆட்டிக்கொண்டு அவன் பின்னால் நடந்தது. மூன்று ஊரில் இல்லாத நாய், சும்மா அவன் வீட்டுக்குப் போகிறது! என்னால் பொறுக்க முடியவில்லை.

"சிங்காரிக்கு ஒண்ணுமில்லண்ணே! என் நாய்தான் செவிடு. நான்தான் கண்ணக் காட்டித் திரும்ப வெச்சேன்!"

அண்ணன் விடுவிடுவென்று போய்ச் சம்பத்திடமிருந்து கயிற்றை வாங்கினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அடுத்த ஈத்துக்கு சம்பத் நாய்தான். இந்த செவிட்டுக் குட்டிங்க மூணும் உன்னுது. தூக்கிக்கினு போ."

துண்டில் குட்டிகளை வாரிக்கொண்டு கிளம்பினேன். சம்பத் பின்னாலேயே ஓடிவந்து என் தோளைப் பிடித்தான்.

"நாலு பேரு எதிர்ல தப்ப ஒத்துக்கினியே, உனக்குப் பெரிய மனசுண்ணே. மூணையும் நீ ஒருத்தனே எப்படி வளப்ப? ஒண்ண எனக்குக் குடு."

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நல்ல மனசும் இவனுக்கே வாய்த்துத் தொலைத்திருக்கிறதே என்று பொருமிக்கொண்டே, மூன்றையும் நானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.