ஜன்னலைத் திறந்து வைக்கவும்

கொண்டி நகரவே மாட்டேன் என்றது. குட்டி இரண்டு கைகளாலும் இழுத்தாள். ஈரத்தில் ஊறிப்போன மரச்சட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"இதோப்பா... ஒரு நிமிஷம்ப்பா... இதோ திறந்துட்டேன்..."

பின்னால் கட்டிலில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கூலர் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று ஜன்னல் விட்டுக்கொடுத்தது. அனல் காற்றும், தெருவைத் தோண்டுகிற இயந்திரத்தின் சத்தமும் ஒன்றாக உள்ளே விழுந்தன.

அப்பாவின் மூக்கருகே விரலை வைத்தாள். காற்று பட்டது. கூலரை அணைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். படவில்லை.

அம்மா மருந்துக் கடையிலிருந்து வந்தபோது குட்டி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. அப்பாவை அங்கே கிடத்தியிருந்தார்கள். அப்பாவின் கூலர் பட்டறையில் முதல் நாளிலிருந்து அவரோடு இருந்த ஃபிட்டர் மாமா, அழுகையை அடக்கத் தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார். குட்டி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"முத மெஷினு எண்ணெய் டின்னுங்க. பழைய ஃபேன் மோட்டார், தச்சுப் பட்டறையில அள்ளின மரச்சுருள். சுருள்ல தண்ணி சொட்டும், காத்து அதைத் தொட்டுட்டு வரும். அவ்வளவுதான் வித்தை. சாரல்னு பேரு வச்சது அண்ணி."

"நல்லா ஓடுச்சா?" எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்டார்.

"எங்க ஓடுச்சு? முத வருஷம் பன்னெண்டு வித்தோம், பன்னெண்டு வீட்டுலயும் திட்டு. நசநசன்னு இருக்கு, உப்பு கரையுது, மூச்சு முட்டுதுன்னு. அண்ணன் சைக்கிளை எடுத்துட்டுப் போய்ப் பாத்தா, அத்தனை பேரும் ஜன்னலை இறுக்கிச் சாத்தி வச்சிருக்கான்! உள்ள வந்த ஈரக்காத்து எங்க போகும்?"

"அதுக்குத்தான் 'ஜன்னலைத் திறந்து வைக்கவும்'னு அந்த ஸ்டிக்கரா?"

"பின்ன? எந்தக் கம்பெனிக்காரனாவது தன் குறையைத் தன் நெத்தியில ஒட்டிக்குவானா? இவரு ஒட்டுனாரு. எட்டாயிரம் மெஷின்லயும். தகரம் போயி பிளாஸ்டிக் வந்துச்சு, ஸ்டிக்கர் போகலை. கடைசியில ஏசி வந்து ஊரே ஜன்னலை மூடக் கத்துக்கிச்சு. எங்க பொழப்பும் படுத்துச்சு. மனுஷன் மெஷினு வித்ததைவிட ஜன்னல் திறந்ததுதாங்க அதிகம்."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். குட்டி 'மூச்சு முட்டுது' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டிருந்தாள்.

போர்வை எடுக்க அம்மா அறைக்குள் வந்தாள். குட்டி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா... நான்தாம்மா."

"என்னடி?"

"ஜன்னலை மூடினது நான்தான். தெருவுல ஒரே தூசி. அப்பா இருமிட்டே இருந்தாரு. அஞ்சே நிமிஷம்னுதான் மூடினேன். கூடத்துல படிச்சிட்டே தூங்கிட்டேம்மா. முழிச்சப்ப மணி நாலு. கூலர் ஓடிட்டே இருக்கு, சுவரெல்லாம் வேர்த்திருக்கு, அப்பா..."

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குட்டியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இதையா இவ்வளவு நேரம் வயித்துல கட்டிக்கிட்டுத் திரிஞ்ச? இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் காலையிலயே சொல்லிட்டாரு. பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைன்னு நான்தான் உன்கிட்ட மறைச்சேன்."

அவள் விரல்கள் குட்டியின் தலைமுடிச் சிக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தன. குட்டி அப்போதுதான் அழுதாள்.

"மூடறப்ப தூங்கிட்டிருந்தாரா?"

"இல்லம்மா. என்னையேதான் பாத்துட்டிருந்தாரு."

விரல்கள் நின்றன.

"ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்லலை. நான் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

"பேச முடிஞ்சுதேடி. மத்தியானம்கூடத் தண்ணி கேட்டாரே." அம்மாவின் குரல் எங்கோ போயிருந்தது. "எங்க கல்யாணத்தன்னிக்கு மாலையும் கழுத்துமா ஏணி போட்டு மண்டபத்து ஜன்னலைத் திறந்த மனுஷன். எவன் வீட்டுக்குப் போனாலும் முதல்ல கை கொண்டிக்குத்தான் போகும். நீ மூடறதைப் பாத்துட்டுச் சும்மாவா இருந்தாரு?"

ஆமாம் என்று குட்டி தலையை அசைத்தாள்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. தலையணையில் இன்னும் நிமிராமல் கிடந்த பள்ளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏண்டி உன்னை மூட விட்டாரு?"