எழுந்து போக வேண்டிய நேரம்

"சாப்பாடு முடிஞ்சதும் உங்க அக்கா எழுந்திருப்பா. நீயும் கூடவே போயிடணும், டார்கஸ்," என்றார் ஆம்புரோஸ்.

"விருந்து எனக்குத்தானே, அத்தான்?"

"உனக்குத்தான்."

"என்னைப் பாராட்டிப் பேசறப்ப நான் எங்க இருப்பேன்?"

"பக்கத்து அறையில, பொம்பளைங்களோட. ஒயின் வந்துட்டா பொம்பளைங்க மேசையில இருக்கறதில்ல, தெரியாதா? உனக்காக நான் நன்றி சொல்லிடறேன்."

"என் புத்தகம் ஒண்ணாவது படிச்சிருக்கீங்களா?"

"அட்டையெல்லாம் பாத்திருக்கேன். நல்லா இருக்கு."

டார்கஸ் சிரித்துவிட்டாள். இருபது வருஷத்துக்கு முன், பதிப்பாளர் பெண் பெயருக்கு முகம் சுளித்ததால், முதல் நாவல் அவள் பெயரே இல்லாமல், 'ஒரு கனவான்' எழுதியதாக வெளிவந்தது. இப்போது பத்தாவது நாவல் அவள் பெயரிலேயே பத்திரிகையில் தொடராக வந்தது. அதில் வரும் ஆலை முதலாளியை விதவை மார்த்தா மணப்பாளா என்று இங்கிலாந்தின் அந்த யார்க்‌ஷயர் நெசவு ஊரே வாரக்கணக்காகக் காத்துக் கிடந்தது. நன்றி சொல்ல டார்கஸ் நாலே வரி மனப்பாடம் செய்திருந்தாள். ஒரு தடவையாவது தன் வாயால் பேச வேண்டும் என்று அக்கா டாபிதாவிடம் சொல்லியிருந்தாள்.

இரவு விருந்தில் ஆட்டிறைச்சியும் புட்டிங்கும் முடிந்தன. டாபிதா எழுந்தாள்; மற்றப் பெண்களும் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள். டார்கஸ் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் எல்லோரும் மரியாதையாக எழுந்து நின்று, அவள் போவதற்காகக் காத்திருந்தார்கள். கம்பளி வியாபாரி குரோதர் கதவைத் திறந்து பிடித்தார்.

"போயிட்டு வாங்கம்மா. உங்களப் பத்தித்தான் பேசப் போறோம்."

போனாள். அங்கே தையல் பையிலிருந்து அச்சுத் தாள்களை எடுத்தாள்.

"கடைசி அத்தியாயம். பத்திரிகையில இன்னும் வரல, அச்சகத்துலேர்ந்து காலையிலதான் வந்தது. படிக்கட்டுமா?"

டாபிதா போய்க் கதவைப் பூட்டினாள்.

இந்தப் பக்கம் கோப்பைகள் உயர்ந்தன. என் மச்சினி, என் வீடு, என் ஆதரவு என்று ஆம்புரோஸ் நீளமாக நன்றி சொன்னார்.

"அது கெடக்கட்டும்," என்றார் குரோதர். "மார்த்தா கடைசில என்ன பண்றா?"

"எந்த மார்த்தா?" என்றார் ஆம்புரோஸ்.

பக்கத்து அறையில் பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தமும் நடுவே 'மார்த்தா' என்ற பெயரும் கேட்டன. கனவான்கள் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு நடைவழிக்கு ஓடினார்கள். ஆம்புரோஸ் கதவைத் தட்டினார்.

"பொம்பளைங்க பேச்சு நடக்குதுங்க. முடிஞ்சதும் கூப்பிடறோம்," என்றாள் டாபிதா உள்ளிருந்து.

"இது என் வீடு, டாபிதா."

"வீடு உங்களுதுதாங்க. வழக்கமும் உங்களுதுதான்."

உள்ளே வாசிப்பு முடிந்தது. தேநீர்க் கோப்பைகள் மோதும் ஒலி. "இப்பப் பேசு, டார்கஸ்," என்றது டாபிதாவின் குரல்.

ஆம்புரோஸ் மறுபடி தட்டக் கையை ஓங்கினார். சாவித் துவாரத்தில் காதை வைத்துக் குனிந்திருந்த குரோதர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் சும்மா இருய்யா. அந்தம்மா பேசறாங்க."