தப்படியும் இலத்திரனும்

அன்று மாலை லோஜினிக்கு இணையவழி நேர்முகத் தேர்வு. நோர்வேயில் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஓர் இடம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்ற வரிசைக் குடியிருப்பில், தன் வீட்டு ஜன்னலோரம், அரிசிப் பெட்டிமேல் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் சிக்னல் கொஞ்சமாவது எட்டிப் பார்க்கும்.

மாசி மாதம், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நேரம். தப்பு மேளம் அடிக்கும் செட்டு லயம் லயமாக வரும். முன்னால் நின்று அடிப்பவன் அவள் அண்ணன் துஷாந்த்.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் நம்ம லயத்துப் பக்கம் வராதீங்க. சத்தமா இருக்கும்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"பாக்குறேன் தங்கச்சி" என்றான். சத்தம் மட்டும் காரணமில்லை என்று அவனுக்குத் தெரியும். அண்ணனுக்குக் கொழும்பில் வங்கி வேலை என்று பல்கலைக்கழகத்தில் கதையளந்து வைத்திருந்தாள். தப்படிக்கிற வீடென்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். படிப்பில் புலி, இதில் மட்டும் கோழை. அந்தக் கதையைக் கேட்டிருந்த அவளுடைய பேராசிரியர் வேறு, நோர்வேயிலிருந்து கேள்வி கேட்பவரோடு அன்று திரையில் இருந்தார்.

தேர்வு தொடங்கி, பேச்சு அவள் துறைக்கு வந்தது. பூமியைச் சுற்றியுள்ள காந்தக் கோடுகளை இலத்திரன்கள், அதாவது எலக்ட்ரான்கள், சுருள் சுருளாகச் சுற்றி ஓடுகின்றன. விண்வெளியின் மின்னேறிய வாயுவில் எழும் பிளாஸ்மா அலைகள் அவற்றுக்கு வேகம் கொடுக்கின்றன, சிலவற்றைத் தடம் மாற்றி வளிமண்டலத்தில் கொட்டியும் விடுகின்றன. "ஒரே அலை இரண்டையும் எப்படிச் செய்யும்? சமன்பாடு இல்லாமல் சொல்லுங்கள்" என்றார் நோர்வேக்காரர். சமன்பாடு எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எங்கே தொடங்குவதென்று தேடினாள் லோஜினி.

அந்த நேரம் பார்த்து வாசலில் தப்பு அதிர்ந்தது. ஒரு லயத்தைத் தாண்டிப் போனால் காமனுக்குக் குறை என்று ஊர் பிடிவாதம் பிடித்தால் துஷாந்த் என்ன செய்வான்?

ஜன்னல் வழியே பார்த்தாள். வட்டத்தில் பலர் ஆடினார்கள். தப்பின் அடி எல்லாருக்கும் பொது. பக்கத்து வீட்டுச் செல்லசாமியின் சுழற்சி மட்டும் அந்தத் தாளத்தோடு ஒட்டிக்கொண்டது. அடிக்கு அடி அவர் துள்ளல் கூடியது. அதே அடி அவர் போக்கையும் சாய்த்துவிட, வட்டத்தைத் தாண்டித் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தார்.

கண்டதை அப்படியே சொன்னாள் லோஜினி. அலையின் சுழற்சியோடு ஒத்துப்போகும் இலத்திரனுக்கே வேகம் கூடும், அதன் ஓட்டம் சாய்வதும் அதே தள்ளலால்தான் என்றாள். நோர்வேக்காரர் சிரித்துத் தலையாட்டினார். "அடிப்பது யார்? பார்க்கலாமா?"

அவள் பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள்.

"என் அண்ணன்."

"வங்கியில் இருப்பவரா?" என்றார் பேராசிரியர்.

"வங்கியில் இல்லை சேர். நான் சொன்னது பொய்."

மடிக்கணினியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். திரையில் முகங்களைக் கண்டதும் துஷாந்த் அடிப்பதை நிறுத்தினான். தோளில் தொங்கிய தப்பை அவசரமாக முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி ஒதுங்கி நின்றான். தங்கச்சியின் பொய்யை அவன்தான் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

லோஜினிக்கு வெட்கம் தாங்கவில்லை, அழுகை வந்தது.

"மறைக்காதீங்கண்ணே. நான் சொல்லிட்டேன், அடிங்க."

முதுகுக்குப் பின்னால் தப்பைப் பிடித்திருந்த அவன் கைகள் உடனே முன்னால் வரவில்லை.