ஒரு கீறல்கூட இல்லாத மனிதர்

கேமராக் கடையின் மூத்தவர் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வேலை மேசைமுன் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். கடை வழக்கம்போல இரவு எட்டு மணிக்குத்தான் மூடப்பட்டது. பழைய பிலிம் கேமராக்களைச் சரிசெய்து தரும் அந்தக் கடையை அண்ணனும் தம்பியுமாக நடத்திவந்தார்கள். உள்வேலை அண்ணனுடையது. ஷட்டர், பல்சக்கரம், சுருள்வில் எல்லாம் அவர் கைக்குப் போகும். வெளிவேலை தம்பியுடையது. கேமராவின் காய்ந்து வெடித்த மேல்தோலில் ஸ்பிரிட் தடவி ஊறவைத்து, மெல்லிய பிளேடால் உரிப்பார். அடியிலிருக்கும் பழைய பசையைச் சுரண்டி எடுப்பார். காகிதத்தில் அளவு வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதன்படி புதுத் தோலை வெட்டி ஒட்டுவார். பித்தளை பல்லிளிக்கும் மூலைகளில் கறுப்பு பூசுவார். அண்ணன் சம்பாதிக்கிறார், தம்பி சொக்காய் மாட்டுகிறார் என்று தெருவில் கேலி பேசிய காலம் ஒன்று உண்டு. பிறகு படம் எடுப்பவர்கள் குறைந்து, கேமராவைக் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்கள் பெருகினார்கள். தெரு அவர்களுக்கு அலமாரிக்காரர்கள் என்று பெயர் வைத்தது. "உள்ள ஓடலைன்னா பரவாயில்லைங்க, வெளிய பளிச்சுனு இருக்கணும்" என்பார்கள். மூத்தவர் மெனக்கெட்டு ஒரு ஷட்டரை ஓடவைத்து, அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லி நீட்டினால், வந்தவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படியே சில வருடங்கள் போயின. அதன்பின் அவர் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது.

டீ கொண்டுவந்த மனைவிதான் முதலில் கண்டுகொண்டாள். கணவரின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கொழுந்தனைக் கூப்பிட்டு, "தம்பி, உங்க அண்ணன் போயிட்டாரு" என்றாள். தம்பி வந்து, விற்பனைக்கு வந்த கேமராவைப் பார்ப்பதுபோல அண்ணனை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மங்கியிருந்தது. காதுக்குப் பின்னால் லேசாக வெடிப்பு. "என்ன அண்ணி பேசறீங்க, ஒரு கீறல்கூட இல்லையே" என்றார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். ஆட்டுத்தோலை வெங்காயச் சருகு போலச் சீவி வெடிப்பில் ஒட்டினார். சாயங்காலத்துக்குள் மூத்தவருக்கு ஐந்து வயது குறைந்துவிட்டது. கூப்பிட்டு அனுப்பிய டாக்டரும் ஓர் அலமாரிக்காரர்தான். வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "கலர் நல்லா வந்திருக்கு" என்று சொல்லி, ஒட்டக் கொடுத்திருந்த தன் கேமராவை வாங்கிக்கொண்டு போனார்.

கடையும் பின்னாலிருந்த வீடும் மூத்தவர் பெயரில் இருந்தன. பிள்ளைகள் இல்லை. அவர் இறந்துபோனால் எல்லாம் அண்ணிக்குப் போகும். தம்பி இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணன்மேல் உயிர் என்று சொல்லிக்கொண்டார், ஊரும் நம்பியது, நாளாக நாளாக அவரே நம்பிவிட்டார்.

அதன்பிறகு மூத்தவருக்கு வந்த நல்ல பெயரை அவர் உயிரோடிருந்தபோது சம்பாதித்ததில்லை. காலையில் சக்கர நாற்காலியில் கடைக்கு வருவார், இரவு வீட்டுக்குப் போவார். அதிர்ந்து ஒரு வார்த்தை கிடையாது. குடி கிடையாது, கோபம் கிடையாது, சாப்பாட்டில் குறை சொல்வது கிடையாது. தெருப் பெண்கள் அவரைக் காட்டித் தங்கள் கணவர்மாரை இடித்துரைத்தார்கள். கோடையில் பசை இளகாமலிருக்க அவருக்கு மட்டும் தனியாக ஒரு மின்விசிறி ஓடியது. அண்ணி மூன்று வேளையும் அவர்முன் தட்டை வைத்தாள், ஆறியபின் எடுத்தாள். முதல் வருடம் அடக்கமாட்டாமல் சில நாள் அழுதாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். "குத்துக்கல்லாட்டம் புருஷன் உக்காந்திருக்காரு, எதுக்கும்மா அழறே? நல்லாவா இருக்கு?" என்று கேட்டார்கள். அவளிடம் பதில் இருந்தது, அதைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை. ஒருத்தி தன் கணவருக்காக அழுவதற்கு ஊரின் அனுமதி வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. அழுகையைத் தொண்டையிலேயே நிறுத்தப் பழகினாள். அதில் குரல் கட்டிப்போய், கடைசிவரை சரியாகவில்லை.

கேமராவின் மேல்தோலுக்கு அடியில் பித்தளை களிம்பேறினால் தோல் சின்னச் சின்னதாகப் புடைக்கும். தோலை உரித்துக் களிம்பைச் சுரண்டிவிட்டுத் திரும்ப ஒட்டுவதுதான் முறை. அவசரக்காரர்கள் இஸ்திரிப்பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து அமுக்கி அனுப்பிவிடுவார்கள், ஒரு வருடத்துக்குத் தெரியாது. நான்காவது வருடம், சட்டை மாற்றும்போது, கணவரின் இடது மார்பில் அப்படி ஒரு புடைப்பை அண்ணி பார்த்தாள். தம்பி இஸ்திரிப்பெட்டியோடு வந்தார்.

"அமுக்காதே தம்பி. திறந்து பாரு. பாத்துட்டு நீ என்ன சொல்றியோ, அதுக்கு நான் கட்டுப்படறேன்."

தொழில் தெரிந்தவரால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஸ்பிரிட் தடவி, ஓரத்தில் பிளேடை நுழைத்து, உள்ளங்கை அகலத்துக்கு உரித்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே எல்லாம் நின்றுபோயிருந்தது. அசைவு என்று சொல்ல ஒன்றுமில்லை, பச்சையாகக் கொஞ்சம் களிம்பும் தூசியும் இருந்தன. சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர் என்ற நினைப்பு தம்பிக்கு அப்போது வந்திருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டது. அண்ணி காத்திருந்தாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, களிம்பைச் சுரண்டி, தூசியை ஊதி, புதுப்பசை தடவி, இழுத்து ஒட்டி, மரக்கட்டையால் நீவிவிட்டார். ஒட்டு எங்கே என்று தேடினாலும் தெரியாது. "நம்ம கடையிலேருந்து போன கேமரா பாதிக்குமேல இப்படித்தான் இருக்கு அண்ணி. யாரு திறந்து பாக்கறாங்க?" என்றார்.

மறுநாள் காலை அவள் ஒரு பையோடு கிளம்பிப் போனாள். புருஷன் உயிரோடிருக்கும்போதே விட்டுவிட்டு ஓடியவள் என்று ஊர் சொன்னது, அவளுடைய அண்ணன் வீட்டிலும் அதையே சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். வேறோர் ஊரில் ஆயத்த ஆடை ஆலையில் பித்தான் தைக்கும் வேலை கிடைத்தது. கணவர் எங்கே என்று கேட்டவர்களிடம் இறந்துவிட்டார் என்றாள். கூட வேலை செய்தவர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். பழைய தெருக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் போனவர், "போன வாரம்கூட அவரைப் பாத்தேனே, நல்லா கும்முனு இருக்காரு" என்று சொல்லிவைத்தார். வந்த ஆறுதல் வந்த வழியே திரும்பிப் போனது. அங்கும் அவள் பொய்க்காரி ஆனாள்.

பல வருடம் கழித்துத் தம்பி ஒரு சாதாரணக் காய்ச்சலில் இறந்தார். அவருக்கு மேல்தோல் ஒட்ட ஆளில்லாததால் அன்றைக்கே அடக்கம் முடிந்தது. கவனிப்பில்லாமல் மூத்தவர் கெடத் தொடங்கினார். பசை காய்ந்து கழுத்தோரம் சுருண்டது, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது உதிர்ந்தது. அலமாரிக்காரர் ஒருவர் விலை பேசிப் பார்த்தார், யாரிடம் பேசுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். தெருக்காரர்கள் அண்ணிக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவளிடம் கெஞ்சினார்கள். "பழசையெல்லாம் மறந்துடும்மா. அங்கங்க கொஞ்சம் ஒட்டிவிடு, இன்னும் இருபது வருஷம் தாங்குவாரு."

அவள் கடையின் இரும்புக் கதவை முழுதாகத் தூக்கிவிட்டாள். வெயில் மேசைவரைக்கும் வந்தது. கணவரின் எதிரே உட்கார்ந்து, ஸ்பிரிட்டில் தூரிகையைத் தோய்த்து, கழுத்தோரத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தாள். எத்தனை பொறுமை, எத்தனை சுத்தம் என்று கூட்டம் மெச்சியது. முகம் முடிந்து, தோள் முடிந்து, இரண்டு கைகளும் முடிந்தன. அவள் புதுத்தோலை எடுக்கவேயில்லை. அப்போதுதான் விஷயம் புரிந்து, "ஐயோ, என்ன பண்றே நீ?" என்று யாரோ கத்தினார். அதற்குள் மார்பும் முடிந்திருந்தது. அவரில் மிச்சமிருந்ததை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் கட்டினாள். கை அகலத்தில் ஒரு மூட்டைதான் வந்தது.

அன்று மாலையே அடக்கம் நடந்தது. தெருவே வந்திருந்தது. நல்ல மனிதர், மனைவி கையால் சாகவேண்டியிருந்தது என்று பேசிக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் அவர் இறந்த நாள் எதுவென்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வார்கள், காரணத்தையும் அப்படியே சொல்வார்கள். அவள் குழிமேட்டில் உட்கார்ந்து, கட்டிப்போன குரலில், வாய்விட்டு அழுதாள். "கொன்னுட்டு அழறதைப் பாரு" என்றார்கள். எதற்கு அழுகிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இருட்டும்வரை அழுதாள்.